துளசி டீ மணக்கவில்லையா, கசக்கிறதா? கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

துளசிக்கு நம் திருநெல்வேலிப் பக்கம் பஞ்சமே கிடையாது. மாடத்தில் நிற்கும், புறவாசலில் நிற்கும், வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்தும் நிற்கும். ஆனால் வாய்க்கு ருசியான துளசி டீ கிடைப்பது அரிதாகத்தான் இருக்கிறது. காரணம், இருமலுக்குக் கஷாயம் வைக்கிற கைப்பழக்கத்திலேயே நாம் டீயும் வைக்கிறோம். கஷாயத்தில் நமக்கு வேண்டியது சாறு. தண்ணீர் பாதிக்கு மேல் சுண்ட வேண்டும். டீயில் வேண்டியது மணம். சுண்டவிட்டால் அது நிற்காது. கீழே வரும் கோளாறுகளில் பலவும் இந்தக் குழப்பத்தில்தான் தொடங்குகின்றன.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். துளசியின் மணமும் சுவையும் இலையில் ஒரே இடத்தில் இல்லை. மணம் இருப்பது இலையின் மேல்தோலில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில், எண்ணெயாக. அந்த எண்ணெயில் முக்கியமானது யூஜினால். கிராம்புக்கு மணம் தருவதும் அதுதான். மிளகில் இருக்கும் கேரியோஃபிலீன் என்ற பொருளும் துளசியில் உண்டு. இந்த எண்ணெய் சூடு பட்டதும் சட்டென்று வெளியே வரும், ஆவியோடு சட்டென்று போயும் விடும். கசப்பும் துவர்ப்பும் இலையின் சதைக்குள் இருப்பவை. அவை மெல்லத்தான் தண்ணீரில் இறங்கும், இறங்கினால் போகாது. ஆகவே அடுப்பில் நேரம் கூடக் கூட மணம் குறையும், கசப்பு ஏறும்.

கோளாறு பார்ப்பதற்கு முன் ஒரு வெறும் டீ போட்டுப் பாருங்கள். இருநூறு மில்லி தண்ணீர், நடுத்தர அளவில் பத்துப் பன்னிரண்டு பச்சை இலைகள். காய்ந்த இலையென்றால் நுணுக்கி ஒரு டீஸ்பூன். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, இலையைக் கையால் இரண்டாகக் கிள்ளிப் போட்டு, உடனே மூடி, ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். இனிப்பு, இஞ்சி, பால் எதுவும் இப்போது வேண்டாம். இந்த டீ நன்றாக இருந்தால் உங்கள் இலையிலும் தண்ணீரிலும் குறையில்லை, பக்குவத்திலோ சேர்மானத்திலோதான் குறை. இதுவே சரியில்லை என்றால் இலையையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும்.

வீடெல்லாம் மணக்கிறது, தம்ளரில் மணம் இல்லை

அடிக்கடி கேட்கும் குறை இதுதான். அடுப்படியில் மணம் தூக்குகிறது, பக்கத்து வீட்டு மதினிகூட "என்ன, துளசி கொதிக்குதா?" என்று கேட்கிறார். தம்ளரை வாயருகே கொண்டுபோனால் வெந்த இலைத் தண்ணீர். வீடு மணக்கிறது என்றால் தம்ளருக்கு வர வேண்டியது காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். துளசி எண்ணெய் எடுக்கிறவர்கள் செய்வதும் இதே வேலைதான்: இலைக்குள் நீராவியை ஏற்றி, எண்ணெயைச் சுமந்து வரும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கிறார்கள். மூடியில்லாத சட்டியில் துளசியைக் கொதிக்கவிடும்போது நாமும் எண்ணெயை இறக்குகிறோம், பிடிக்க மட்டும் ஆளில்லை.

எனவே இலை போட்ட பிறகு கொதி கூடாது, மூடி இல்லாமலும் கூடாது. மூடி கனமாக, விளிம்பு ஒட்டி உட்கார வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து மூடியைச் சாய்க்காமல் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கும். முகர்ந்தால் கீழே இருக்கும் டீயைவிட அந்தத் துளிகளில் மணம் தூக்கலாக இருக்கும். அதைத் தரையில் உதறிவிடாமல் பாத்திரத்திலேயே தட்டி விடுங்கள். துளியில் மணமே இல்லை என்றால் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது இலையிலேயே சரக்கு இல்லை. அப்படியானால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

ஆற்றுவதும் ஒரு காரணம். காப்பியை ஆற்றுகிற மாதிரி உயரத் தூக்கி ஆற்றினால் மிச்சமுள்ள மணமும் போய்விடும். துளசி டீயைத் தம்ளரில் ஊற்றி அப்படியே ஆறவிடுவதுதான் நல்லது.

கையில் கசக்கினாலே மணம் இல்லை

ஒரு இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாகத் தேயுங்கள். நல்ல நாட்டுத் துளசியில் முதலில் கிராம்பு மாதிரி ஒரு காரமணம் வரும். கொஞ்சம் விட்டு மிளகு வாசம். விரலில் ஈரம் காய்ந்த பிறகும் லேசான இனிப்பு வாசம் தங்கும். இவற்றில் ஒன்றும் வராவிட்டால் செடியைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் சந்தேகம், அது எந்தத் துளசி என்பது. நர்சரியில் துளசி என்று கொடுப்பதெல்லாம் ஒரே செடி அல்ல. தாவரவியலில் ஆசிமம் டெனுயிஃப்ளோரம் என்பது நம் மாடத்துத் துளசி. பச்சையாக இருந்தால் வெண்துளசி, தண்டும் இலையும் ஊதா ஓடியிருந்தால் கருந்துளசி. திருநீற்றுப்பச்சிலை வேறு இனம். அதன் வாசத்தில் சோம்பும் இனிப்பும் கலந்திருக்கும். சப்ஜா விதை தருவது அந்தச் செடிதான். கற்பூரத் துளசி கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, பெயருக்கேற்றபடி கற்பூர நெடி. ஓடை ஓரத்து நாய்த்துளசியும் துளசிக் குடும்பம்தான், ஆனால் டீக்கு ஆகாது. மாடத்துத் துளசிக்குள்ளேயும் செடிக்குச் செடி எண்ணெயின் கலவை மாறும். லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் வெளியிட்ட 'சிம்-ஆயு' போன்ற ரகங்கள் யூஜினால் மிகுதிக்கென்றே தேர்ந்தெடுத்தவை. என் விருப்பம் கருந்துளசி. வெண்துளசி டீ மென்மையானது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். கருந்துளசியில்தான் அந்த மிளகுக் காரம் தெளிவாக நிற்கிறது.

அடுத்தது பருவம். ஐப்பசி, கார்த்திகை மழையில் துளசி தளதளவென்று வளரும், இலை அகலமாக இருக்கும், பார்க்க அழகு. ஆனால் இலையில் தண்ணீர்தான் அதிகம், மணம் மட்டு. அந்த மாதங்களில் பன்னிரண்டு இலைக்குப் பதில் பதினெட்டு, இருபது போடுங்கள். பங்குனி, சித்திரையில் இலை சிறுத்துவிடும், ஆனால் நறுக்கென்று இருக்கும்; எட்டு இலை போதும். வருஷம் முழுக்க ஒரே கணக்கில் போடுவதால்தான் ஒரு மாதம் சப்பென்றும் ஒரு மாதம் நெடியாகவும் இருக்கிறது.

பூங்கதிரையும் கவனியுங்கள். கதிர் ஓடி விதை முற்றினால் செடியின் தெம்பெல்லாம் அங்கே போகும், அடியில் இலை சிறுத்து மங்கிவிடும். கதிர் தலைகாட்டியதுமே கிள்ளி விடுங்கள். பக்கக் கிளை வெடிக்கும், கொழுந்தும் வரும். இளங்கதிரை டீயில் போடலாம், மணம் உண்டு. விதை பழுத்துப் பழுப்பான கதிர் வேண்டாம், தூசி வாசம்தான் வரும். சாணமும் யூரியாவும் அள்ளிப் போட்டு, வெயில் படாத மூலையில் வைத்த செடியிலும் இலை பெருகும், மணம் பெருகாது. அரை நாளாவது வெயில் வேண்டும்.

பறிக்கிற நேரம் காலை, பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன். துவாதசியில் துளசி பறிக்காத வீடுகளில் முந்தின நாளே பறித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ளலாம்.

பூக்கடையில் துளசி மாலை வாங்கி அதை உருவி டீ போடுகிறவர்கள் உண்டு. அதைச் செய்ய வேண்டாம். சந்தைக்கு வரும் துளசி வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கட்டாக வைத்தது, அடிக்கட்டு புழுங்கியிருக்கும். செடிக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. மாலை சுவாமிக்கு, டீக்கு வீட்டுச் செடி.

கோயில் தீர்த்தம் மாதிரி இல்லையே

திருக்குறுங்குடியிலோ நாங்குநேரியிலோ பெருமாள் சந்நிதியில் உள்ளங்கையில் வாங்கிக் குடித்த தீர்த்தத்தின் மணம்தான் துளசியின் மணம் என்று பலர் மனதில் பதிந்திருக்கிறது. வீட்டில் அது வரவில்லை என்று இலை மேல் குறை சொல்கிறார்கள். குறை இலையில் இல்லை. தீர்த்தத்தில் முதலில் மூக்கைத் தொடுவது பச்சைக் கற்பூரம். அப்புறம் ஏலக்காய், சில கோயில்களில் கிராம்பும் குங்குமப்பூவும். துளசி அவற்றுக்குப் பின்னால் மெல்ல வரும். அங்கே இலை வேகவும் இல்லை, குளிர்ந்த தண்ணீரில் முழுதாக மிதக்கிறது.

அந்த மணம்தான் வேண்டும் என்றால் டீ வழி ஆகாது. இரவு ஒரு செம்பில் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் கழுவிய துளசி ஒரு கைப்பிடியும் தட்டிய ஏலக்காய் ஒன்றும் போட்டு மூடி வையுங்கள். காலையில் ஓரளவுக்குக் கிட்ட வரும். பச்சைக் கற்பூரத்தைச் சூடான டீயில் போடும் யோசனை வேண்டாம். சூட்டில் அது பறந்துவிடும் என்பது ஒரு பக்கம். அளவு கொஞ்சம் தப்பினாலும் கற்பூரம் உடம்புக்குக் கேடு, சிறு குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்து.

நாக்கு மரத்த மாதிரி இருக்கிறது, தொண்டையில் காரம்

பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்தால் ஈறு மரத்துப் போகிறதே, அதே யூஜினால்தான் இங்கேயும் வேலை செய்கிறது. இலை அதிகம், அல்லது துளசியோடு கிராம்பும் தட்டிப் போட்டிருக்கிறீர்கள். துளசி இருக்கும் டீயில் கிராம்புக்கு வேலையே இல்லை. உள்ளதையே இன்னொரு மடங்கு போடுவதுதான் அது. கிராம்பை எடுத்துவிட்டு ஏலக்காய் அரை, அல்லது எலுமிச்சைத் தோல் ஒரு சீவல் போட்டுப் பாருங்கள். காரம் தணிந்து மணம் விரியும். மிளகும் அளவோடுதான். சளிக்கென்று பத்து மிளகு தட்டிப் போட்டால் அது மிளகு ரசத்துக்குத் தம்பி ஆகிவிடும்.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் துளசி டீயைத் தினசரி வழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

கசப்பு, பல்லில் ஒட்டுகிற துவர்ப்பு

நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வடித்த டீ கசக்காது. இலையோடு அரைமணி நேரம் கிடந்தது கசக்கும். வடிகட்டும்போது கரண்டியால் இலையை அழுத்திப் பிழியும் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும். தண்டு, முற்றிய மஞ்சள் இலை கலந்திருந்தாலும் கசக்கும்.

கடைத் தேயிலை சேர்த்துப் போடுகிறவர்களுக்குத் துவர்ப்பு பெரும்பாலும் தேயிலையிலிருந்துதான் வரும். தேயிலைத்தூள் ஒரு டீஸ்பூன் போட்டுக் கொதிக்கவிட்டால் துளசி அதற்குக் கீழே புதைந்துவிடும். கால் டீஸ்பூன் போதும், அதுவும் தூள் வேண்டாம், இலைத் தேயிலை. கடைசி இரண்டு நிமிடத்தில் போட்டு துளசியோடு சேர்த்தே வடித்துவிடுங்கள்.

பச்சை வாடை, புல் வாசம்

இலையை மிக்ஸியில் அடித்தோ அம்மியில் நைத்தோ வைத்திருந்துவிட்டுப் பிறகு போட்டால் இது வரும். எந்தப் பச்சை இலையும் நைந்தவுடன் அதிலுள்ள நொதிகள் வேலை தொடங்கி, புல் வெட்டின இடத்தில் வருமே, அந்த வாசத்தை உண்டாக்குகின்றன. வெந்நீர் பட்டால் அந்த வேலை நின்றுவிடும். அதனால் கிள்ளுவதும் போடுவதும் ஒரே கையில் நடக்க வேண்டும், தண்ணீர் கொதித்த சூட்டில் இருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரிலும், குடிதண்ணீர் இயந்திரத்தின் சுடுதண்ணீர்க் குழாயில் பிடித்த தண்ணீரிலும் இந்த வாடை போகாது. பச்சைத் தேயிலைக்குச் சொல்கிற "கொதிநீர் கூடாது" என்ற விதி துளசிக்குப் பொருந்தாது.

டீ கறுத்துப் போகிறது, மேலே ஆடை மிதக்கிறது, உப்புக் கரிக்கிறது

இது தண்ணீர்க் குறை. தாமிரபரணித் தண்ணீர் பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் மலையை விட்டு இறங்கின கையோடு வருகிறது. மென்மையான தண்ணீர், துளசி அதில் அப்படியே பேசும். நாங்குநேரி தாண்டி ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் கடினம், சில இடங்களில் உப்பு. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம் இலையின் துவர்ப்புப் பொருள்களோடு சேர்ந்து மேலே எண்ணெய் படிந்த மாதிரி மெல்லிய ஆடையாக நிற்கும், நிறமும் கறுக்கும். இலையை மாற்றி மாற்றிப் பயனில்லை.

தண்ணீரை முதலில் தனியாகக் கொதிக்கவைத்து இறக்கி, வெள்ளைப் படிவு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் இறுத்து, மறுபடி கொதிக்கவைத்துத் துளசி போடுங்கள். ஆடை பெருமளவு குறையும். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும் உதவும். உப்புக்கு மட்டும் கொதிக்கவைத்துத் தீர்வில்லை, கொதிக்கக் கொதிக்க உப்புக் கூடத்தான் செய்யும். சுத்திகரித்த தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரையோ எடுங்கள். குழாயில் குளோரின் வாடை வந்தால் இரவே குடத்தில் பிடித்து வாய் திறந்து வையுங்கள். துளசி டீயில் வரும் ஆஸ்பத்திரி நெடிக்குப் பல நேரம் குளோரின்தான் காரணம்.

இரும்புச் சட்டியும் டீயைக் கறுக்க வைக்கும். எவர்சில்வரோ மண்சட்டியோ போதும். ரசம் வைத்த பாத்திரம் எவ்வளவு தேய்த்தாலும் பெருங்காயத்தை விடாது. துளசிக்கென்று சின்னதாக ஒரு பாத்திரம் ஒதுக்கிவிடுங்கள்.

கருப்பட்டி போட்டேன், துளசி காணாமல் போய்விட்டது. பால் ஊற்றினேன், திரிந்துவிட்டது

நமக்கு எதிலும் கருப்பட்டி வேண்டும். சுக்குக் காப்பிக்கு அது பொருத்தம். சுக்கும் கருப்பட்டியும் சமபலம். துளசிக்கு உடன்குடிக் கருப்பட்டியின் அந்தக் கனத்த வாசம் தாங்காது. பனங்கற்கண்டு போடுங்கள். இனிப்பு சுத்தமாக இருக்கும், பனையின் வாசம் ஒரு ஓரமாக நிற்கும். கருப்பட்டிதான் வேண்டும் என்றால் சுண்டைக்காய் அளவு போதும். தனியாகக் கரைத்து, மண் தங்கவிட்டு வடித்து, கடைசியில் சேருங்கள். தேன் என்றால் டீ குடிக்கிற சூட்டுக்கு வந்த பிறகு.

பாலைத் திரித்தது பெரும்பாலும் துளசி இல்லை, கருப்பட்டியின் புளிப்பு. கருப்பட்டியையும் பாலையும் சேர்த்துக் கொதிக்கவிடக் கூடாது. இரண்டும் அடுப்பை விட்டு இறங்கிய பிறகே சேர வேண்டும். பால் சேர்த்தால் மணம் மங்கத்தான் செய்யும், ஏனென்றால் துளசியின் எண்ணெய் பாலின் கொழுப்பில் போய் ஒதுங்கிக்கொள்கிறது. துவர்ப்பும் அதே நேரம் குறையும். பால் இல்லாமல் முடியாதவர்கள் இலையை ஒன்றரை மடங்காக்கி, தண்ணீரில் ஊறவைத்து வடித்த பிறகு, தனியாகக் காய்ச்சிய பாலைக் கால் பங்கு ஊற்றுங்கள்.

காய்ந்த துளசியில் வைக்கோல் வாசம், அல்லது மக்கின வாடை

இரண்டும் வேறு கோளாறு. வைக்கோல் வாசம் என்றால் வெயிலில் காய்ந்த இலை, அல்லது பழைய இலை. மக்கின வாடை என்றால் சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்த இலை. முதலாவதைக் கூடுதலாகப் போட்டுச் சமாளிக்கலாம். இரண்டாவதைக் கொட்டிவிடுங்கள், கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

காயவைக்கச் சுளகு போதும். இலைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, காற்றோடுகிற தார்சாவில் நிழலில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் நிழலிலேயே 38 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போது மொட்டை மாடிப் பக்கமே போக வேண்டாம், வீட்டின் குளிர்ந்த அறைதான் இடம். தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் இலை வதங்கி வதங்கி நிற்குமே தவிர காயாது. அந்த இரண்டு மாதமும் பச்சை இலைதான். பணகுடி, ராதாபுரம் பக்கம் அதே மாதங்களில் காற்று பலம், சீக்கிரம் காயும். தூசிக்கு மேலே ஒரு மெல்லிய துணி கட்டுங்கள். காம்பை வளைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும், இலை நொறுங்க வேண்டும், நிறம் பச்சை மாறாமல் இருக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் முழு இலையாக வைத்து, போடும்போது மட்டும் நுணுக்குங்கள். பொடித்து வைத்தால் சுரப்பிகள் உடைந்து மணம் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்குவதானால், "அண்ணாச்சி, ஒரு இலை நுணுக்கிப் பார்த்துக்கிடட்டா?" என்று கேட்டு, கையில் தேய்த்து முகர்ந்துவிட்டு வாங்குங்கள். நல்ல சரக்கு வைத்திருக்கிற கடைக்காரர் அதற்குக் கோபப்பட மாட்டார். பொடியாக இருந்தால் வாங்க வேண்டாம்.

காலையில் நன்றாக இருந்தது, பிளாஸ்கில் இருந்து மாலையில் எடுத்தால் வேறு வாசம்

சூட்டிலேயே மணிக்கணக்கில் இருந்தால் எந்தத் துளசி டீயும் பழுத்து, வெந்த கீரைத் தண்ணீர் வாசம் வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இலையைப் பிளாஸ்குக்குள் போட்டுவிடவும் கூடாது, வடித்துத்தான் ஊற்ற வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தில் பழைய காப்பி வாசம் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். வளையத்தைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா ஒரு டீஸ்பூன் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, மூடியைத் திறந்தபடியே காயவிடுங்கள். வேலைக்குக் கொண்டுபோகிறவர்கள் வெந்நீரை மட்டும் பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு, காய்ந்த இலையைப் பொட்டலமாகப் பையில் வைத்து, குடிக்கும்போது மூடியுள்ள தம்ளரில் ஊறப்போட்டுக்கொள்ளலாம். கொதித்த உடனே ஊற்றின வெந்நீர் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு இதற்குப் போதுமான சூட்டில் இருக்கும். சூடு கொஞ்சம் குறைவதால் ஐந்து நிமிடத்தை எட்டாக்கிக்கொள்ளுங்கள்.